ஊசிப் பேனாவோடு ஒன்பதாம் வகுப்புக்கு

1

மஸ்கட்டில் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்கு மூடுகிற நேரத்தில்தான் தாம்பரத்தில் திறக்கின்றன. இங்கே ரூவிப் பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மலையாளிக் குடும்பங்கள் அதிகம். ஜூன் பிறந்தால் படிக்கட்டெல்லாம் பெட்டிகள். பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வீசிவிட்டு ஊருக்குப் போகக் காத்திருப்பார்கள். நான் மட்டும் அதே நாட்களில் போனில் மகளிடம், "புது நோட்டுக்கு அட்டை போட்டாச்சா, யூனிஃபார்ம் சரியா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் எனக்கு ஒரு காலண்டர், என் வீட்டுக்கு ஒரு காலண்டர். இரண்டையும் சேர்த்துப் பார்த்து வாழப் பழகிப் பல வருடங்களாகிவிட்டன.

இன்று அங்கே பள்ளி திறக்கிறது. ஹரிணி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நம் ஊர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதால், நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அவள் புறப்படத் தயாராகிவிட்டாள். கூப்பிட்டேன்.

"அப்பா, டைம் ஆயிடுச்சுப்பா. அப்புறம் பேசறேன்."

"சுகர் பாத்தியா?"

"பாத்தேன், போட்டேன், சாப்ட்டேன். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். தகப்பனோடு பேச நேரமில்லாத அந்த அவசரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

2

போன வருடம் மே மாதம். பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த ஹரிணி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். சட்டை தொளதொளவென்று ஆனது. என் மனைவி சுமதி, வெயில் காலம்தானே என்று நினைத்தாள். தாம்பரம் வெயிலைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு காலையில் பெண் எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் சுமதி. ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகு டாக்டர் சொன்னார்: டைப் ஒன் சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது. இனி தினமும் ஊசி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஊசி, வாழ்நாள் முழுக்க ஊசி.

நான் அவசர விடுப்பில் வந்து இறங்கியபோது ஹரிணி ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்திருந்தாள். பயணக் களைப்பும் பதற்றமுமாக ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றதும், "கலாஸ், கலாஸ்" என்றேன். போதும் என்பதற்கு அங்கே சொல்கிற வார்த்தை. வாயில் ஒட்டிப்போனது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கிளாஸா? இங்க இன்னா கிளாசு சார் கீது? இது ஆஸ்பத்திரி."

வார்டில் என்னைப் பார்த்ததும் ஹரிணி சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். "சாப்ட்டேன். நீ?" என்றேன். "ம்." அதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாங்கள் பழகியிருந்ததெல்லாம் ஒரு போன் கால் நீளத்துக்குத்தான். அது முடிந்த பிறகும் எதிரில் உட்கார்ந்திருப்பது இருவருக்குமே புதிது. அவளுக்கு டீ பிடிக்குமா காபி பிடிக்குமா என்பதைக்கூட நர்ஸ் கேட்டபோது சுமதியைத்தான் நான் பார்த்தேன்.

ஆனால் ஒரு வேலை எனக்குத் தெரியும். மஸ்கட்டில் ஒரு பராமரிப்பு கம்பெனியில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன், ஏ.சி. மெக்கானிக்குகள், பெயின்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, வெயிலில் மயங்குகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது, மயங்கினால் முதலில் என்ன செய்வது என்று தமிழ், இந்தி, மலையாளம் கலந்து சொல்வது என் வேலை. பயத்தைப் பயிற்சியாக மாற்றுவதுதான் எனக்குச் சம்பளம் தருகிற தொழில். சுமதிக்கு ஊசியைத் தொடவே பயம். நான் நர்ஸிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பேனா மாதிரி இருக்கும் அந்த இன்சுலின் கருவி, அதன் முனையில் மாட்டும் குட்டி ஊசி, விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் மெஷின், எல்லாம்.

ஹரிணி என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். முதல் முறை தானே வயிற்றில் போட்டுக்கொள்ளும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு, "நீ போடறத விட நான் போட்டா வலி கம்மி" என்றாள். எனக்கு அது பாராட்டு மாதிரியே இருந்தது.

3

பள்ளி திறக்கச் சில நாட்கள்தான் இருந்தன. கேம்ப் ரோடு பக்கம் அவள் படிக்கும் தனியார் பள்ளி. பிரின்சிபாலைப் பார்க்க நானும் ஹரிணியும் போனோம். நல்ல அம்மையார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒரு வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டுமே சார். நைன்த்தானே? எங்களுக்கும் ரெஸ்பான்ஸிபிலிட்டி இருக்கு பாருங்க. கிளாஸ்ல ஏதாவது ஆச்சுன்னா?"

"மாஃபி முஷ்கில் மேடம்" என்றேன்.

அவர் விழித்தார். ஹரிணி நாற்காலியில் அப்படியே சரிந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"பிரச்சினை இல்லன்னு சொல்ல வந்தேன், மேடம். அங்க இருந்து இருந்து வாய் அப்படி ஆயிடுச்சு."

பிரின்சிபால் சிரித்துவிட்டார். சிரித்தாலும் விடவில்லை. பள்ளிக்கூடம் போகத் தகுதி உள்ளவள் என்று டாக்டரிடம் சான்றிதழ் வேண்டும் என்றார். வாங்கி வந்தேன். அதில் பள்ளிக்கூடம் என்ற வார்த்தை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எழுதித் தந்தார். அடுத்து, எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொன்னார்கள்.

"எழுதித் தரேன் மேடம். ஆனா அதுக்கு முன்னாடி அவளோட கிளாஸ் டீச்சரையும் பி.டி. சாரையும் கூப்பிடுங்க. பத்து நிமிஷம் குடுங்க. நான் சொல்றதக் கேட்டப்புறமும் அந்தப் பேப்பர் வேணும்னா, கையெழுத்துப் போட்டுடறேன்."

என் குரல் எனக்கே தெம்பாக இருந்தது. தொழில் தெரிந்த இடத்தில் மனிதனுக்கு வரும் தெம்பு அது.

ஆசிரியர் அறையில் நின்று சொன்னேன். சர்க்கரை கூடுவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். குறைவதுதான் அவசரம். வியர்க்கும், கை நடுங்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாள், காரணமில்லாமல் கோபப்படுவாள். உடனே ஜூஸோ குளுக்கோஸோ கொடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், கால் மணி நேரம் பொறுங்கள், மறுபடி சோதியுங்கள். தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு எடுங்கள்.

பி.டி. ஆசிரியர் டேனியல் சார், விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "கோவம் வந்தாலும் லோ சுகரா இருக்கலாமா சார்? இந்த வயசுல எல்லாப் புள்ளைங்களுக்கும் கோவம் வருமே?"

"அப்படி வந்தாலும் ஒரு ஜூஸ் குடுத்துடுங்க சார். நஷ்டம் ஒண்ணுமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். முத்திரைத்தாளை அதன்பின் யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் ஹரிணி ஒரு நிபந்தனை போட்டாள். "டீச்சர்ஸுக்குச் சொல்லிட்ட, சரி. கிளாஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது. என் ஃப்ரெண்ட் சபீனாவுக்கு மட்டும் நானே சொல்லிக்கறேன். ஓகேவா?"

"ஓகே."

4

சுமதிக்கு இதில் ஒப்புதல் இல்லை. சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. இருந்த விடுப்பையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்துவிட்டாள். மூச்சு வாங்கிய பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை வரை போனவள் அவள். நான் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

"ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டுங்க. நான் வேலைய விட்டுடறேன். உயிர விடப் படிப்பு பெருசா?"

"இல்ல. ஆனா ஒரு வருஷம் உள்ளயே இருந்துட்டா, அப்புறம் வாசப்படி தாண்டறதே அவளுக்குப் பெரிய வேலையாயிடும், சுமதி. இப்ப அவளுக்குக் கொஞ்சம் பயம். எனக்குக் கொஞ்சம் பயம். இப்பவே போயிட்டா அது கொஞ்சமாவே இருக்கும்."

"நீங்க போயிடுவீங்க. நான்தான இங்க இருக்கணும்."

எழுந்து போய் மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். எங்கள் மேனேஜர் ஓமன்காரர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். விடுப்பை நீட்டிக்க வேண்டுமென்றால் கம்பெனியில் மூன்று துறைகள் கையெழுத்திட வேண்டும். அதைத்தான் விளக்க ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"உன் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாளா?"

"இன்னும் இல்லை. அடுத்த வாரம்."

"போய் நன்றாகப் பழகட்டும். அப்புறம் நீ வா. கையெழுத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்."

திரும்பி வந்து சுமதியிடம் சொன்னேன். அவள் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தாள். "லஞ்சுக்கு என்ன குடுத்து விடறதுன்னு யோசிக்கணும்" என்றாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

5

பள்ளி வாசலுக்கு நேர் எதிரே நசீர் பாயின் மூக்குக் கண்ணாடிக் கடை. அவருக்கு அஸ்தினாபுரத்தில் வீடு. ஹரிணியின் சிநேகிதி சபீனா அவருடைய மகள்தான். முதல் நாள் நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து அவரே கூப்பிட்டார்.

"உள்ள வாங்கண்ணா. சபீனா சொல்லுச்சு. இன்னிக்கு முழுக்க நிக்கப் போறீங்களா?"

"ஒரு வாரம் நிக்கலாம்னு."

"அப்ப நாற்காலி போடறேன்."

அப்படியே அந்தக் கடை என் அலுவலகமாயிற்று. காலையில் ஹரிணியை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால், பள்ளியின் கேட்டும் அதைத் தாண்டி விளையாட்டு மைதானத்தின் ஒரு பாதியும் தெரியும். மதியம் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டதும் அலுவலக அறையிலிருந்து அவள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அதுவரை நசீர் பாயும் நானும் பேசிக்கொண்டிருப்போம். அவரும் துபாயில் கொஞ்ச காலம் இருந்தவர். பிள்ளைகள் வளர்வதை போட்டோவில் பார்த்தது போதும் என்று திரும்பி வந்து கடை வைத்தவர். "நான் வந்தப்ப சபீனா என்னை அங்கிள்னு கூப்ட்டுச்சு. அப்பா ஆகறதுக்கு எனக்கு அடுத்த ரம்ஜான் வரைக்கும் ஆச்சுண்ணா" என்றார்.

முதல் வாரம் சுகமாகப் போயிற்று. இரண்டாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. காலையில் கணக்குத் தேர்வு என்ற படபடப்பில், ஊசி போட்டுக்கொண்டவள் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாள். அது எங்கள் கண்ணில் படவில்லை. தேர்வு முடிந்த கையோடு பி.டி. வகுப்பு. குளுக்கோஸ் மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும். யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று அதைப் புத்தகப் பையிலேயே விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

கண்ணாடிக் கடையிலிருந்து நான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். ஓர் இடத்தில் கூட்டம் கூடியது. நீல ரிப்பன் கட்டிய ஒரு தலை கீழே இருந்தது.

ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. வாட்ச்மேன் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம் சொல்லாம உள்ள வுட முடியாது சார்."

"என் பொண்ணுயா உள்ள!"

"தெரியும் சார். பர்மிசன் இல்லாம வுட்டா என் வேலை பூடும். பேஜார் பண்ணாத சார். தோ, போன் போட்டுகினுதான் கீறேன்."

அவரைத் தள்ளிவிட எனக்கு ஒரு நொடி போதும். வயதானவர். கை கேட்டின்மேல் போய்விட்டது. அப்போது கம்பிகளுக்கு நடுவே டேனியல் சாரைப் பார்த்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, தன் பையிலிருந்து ஒரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி ஹரிணியின் வாயருகே வைத்தார். அவள் தட்டிவிட்டாள். ஏதோ கத்தினாள். சபீனா அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, மறுபடி வைத்தார். குடித்தாள். டேனியல் சார் இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பிள்ளையிடம் விரலை நீட்டி ஏதோ சொல்ல, அது வகுப்பறைக்கு ஓடிப் போய் அவள் பையைக் கொண்டு வந்தது. அவர் மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்.

கையைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். நசீர் பாய் பின்னால் வந்து என் முதுகில் கை வைத்திருந்தார். "உள்ள போக வேணாமாண்ணா?" என்றார். "வேணாம் பாய். அவங்க பாத்துக்கறாங்க" என்றேன். சொன்னேனே ஒழிய, கேட்டை விட்டு நகரவில்லை. சற்று நேரத்தில் ஹரிணி தானாகவே எழுந்து உட்கார்ந்து விரலில் குத்திச் சோதித்துக்கொண்டாள். அப்போதுதான் கேட்டில் நிற்கும் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6

மறுநாள் காலை யூனிஃபார்ம் கட்டிலில் கிடந்தது. அவள் பழைய சுடிதாரோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"நான் போகல."

சுமதி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. ஒருத்தன் கேக்கறான், இது தாத்தா பாட்டிங்களுக்கு வர்றதுதானன்னு. ஒருத்தி, கிட்ட உக்காந்தா ஒட்டிக்குமான்னு கேக்கறா. டேனியல் சாரை நான் அடிச்சேனாம்பா. எனக்கு ஞாபகமே இல்ல."

"அவர் உன்மேல கோவமா இல்லம்மா. நேத்து சாயங்காலமே பேசிட்டேன்."

"நீ எல்லார்கிட்டயும் பேசிடுவ. கேட்ல நின்னுட்டிருந்த இல்ல? அதையும்தான் எல்லாரும் பாத்தாங்க. சின்னக் கொழந்தைக்குக் காவல் நிக்கற மாதிரி."

அது சுருக்கென்றது. ஆனால் ஒன்று கவனித்தேன். பேச்சு போன் கால் நீளத்தைத் தாண்டிவிட்டது. வாய் திறந்து சண்டை போடுகிறாள். சண்டை போடுகிற பெண்ணோடு வேலை செய்ய முடியும்.

"சரி, இன்னிக்கு லீவு. கிளம்பு. வண்டலூர் போலாம்."

"எதுக்கு?"

"எனக்கு மிருகக்காட்சி சாலை பாக்கணும். நான் வெளிநாட்டுக்காரன்."

சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தாள். சுமதி ஒன்றும் கேட்காமல் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கினோம். உள்ளே அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். வெள்ளைப் புலி தூங்கிக்கொண்டிருந்தது. நீர்யானை முதுகு மட்டும் தெரிந்தது. ஊசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

பசி வந்ததும் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயிலில் கெடாமலிருக்க ஈரப் பையில் வைத்திருந்த பேனாவை அவள் எடுத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அடுத்த பெஞ்சில் ஒரு குடும்பம். "பாத்ரூம் போய்ப் போட்டுக்கட்டுமா?" என்றாள்.

"உன் இஷ்டம்."

எழுந்தவள், கொஞ்ச தூரத்திலிருந்த அந்தக் கழிப்பறையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு எவ்வளவு மருந்து என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். சட்டை நுனியை லேசாக ஒதுக்கி ஊசியைப் போட்டுக்கொண்டாள். அடுத்த பெஞ்சிலிருந்த நாலு வயதுப் பெண் குழந்தை கையில் பாப்கார்னோடு வந்து எதிரில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது. அதன் அப்பா எழுந்து ஓடி வந்தார். "பாப்பா, அதெல்லாம் பாக்கக் கூடாது, வா."

"பாக்கட்டும் அங்கிள்" என்றாள் ஹரிணி.

குழந்தை கேட்டது. "ஏன்க்கா நீயே ஊசி போட்டுக்கற?"

"சாப்பாடு உடம்புல சேர்றதுக்கு. உனக்கு உள்ளயே அந்த மருந்து இருக்கு. எனக்குத் தீந்துபோச்சு. அதனால வெளியிலேர்ந்து போட்டுக்கறேன்."

"வலிக்குமா?"

"கொசு கடிக்கற மாதிரி."

"கொசு கடிச்சா நான் அழுவேனே."

"நானும் முதல் நாள் அழுதேன்."

குழந்தை யோசித்துவிட்டு ஒரு பாப்கார்னை நீட்டியது. ஹரிணி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். "இதையும் கணக்குல சேக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எலுமிச்சம்பழச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இருந்தாள். பெருங்களத்தூர் தாண்டியதும் சொன்னாள்: "நாளைக்குப் போறேன். ஆனா நீ அந்தக் கடையில உக்காரக் கூடாது."

"எதுனா ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா போன் வரும். டேனியல் சார் இருக்காரு. சபீனா இருக்கா. மாத்திரை பாக்கெட்ல இருக்கும். நீ இருந்தா, எல்லாரும் என்னை விட்டுட்டு உன்னைத்தான் பாப்பாங்கப்பா."

பாதுகாப்புத் தொழிலில் நான் எல்லா மேஸ்திரிகளிடமும் சொல்கிற விஷயம் அது. ஆட்களைப் பழக்கிவிட்டால் அவர்களிடம் விட்டுவிட்டு நகர வேண்டும். சொல்வது சுலபம். "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மற்ற எதையும்விட அதிக பலம் தேவைப்பட்டது.

7

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பள்ளி வாசலில் விட்டேன். வீட்டுக்குப் போனால் கால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று தெரியும். அதனால் தாம்பரம் பஸ் நிலையத்துக்குப் போய், முதலில் கண்ணில் பட்ட கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறினேன். கேளம்பாக்கத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தூரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்டக்டர், "எங்க சார் எறங்கணும்?" என்றார். "கடைசி வரைக்கும்" என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் புதிது புதிதாக அடுக்குமாடிகள், நடுவில் எருமைகள். கேளம்பாக்கம் முனையில் இறங்கி ஒரு டீ குடித்தேன். மதியம் அவள் ஊசி போடும் நேரத்தில் மிஸ்டு கால் வந்தது. இன்னொரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அந்த மிஸ்டு காலைத் தவிர அன்று முழுக்கப் போன் அடிக்கவே இல்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதை ஹரிணி சொல்லவில்லை. "நல்லாப் போச்சு" என்றதோடு சரி. மாலையில் நசீர் பாய்தான் போனில் சொன்னார், சபீனா சொன்னது என்று.

முதல் வகுப்பிலேயே ஹரிணி எழுந்து கிளாஸ் டீச்சரிடம் அனுமதி கேட்டிருக்கிறாள். முன்னால் போய் நின்று, பேனாவையும் மெஷினையும் குளுக்கோஸ் மாத்திரையையும் மேசைமேல் வைத்திருக்கிறாள். "இது ஒட்டாது. ஸ்வீட் சாப்ட்டதால வரல. வயசானவங்களுக்கு வர்றது வேற, இது வேற. எனக்கு வேர்த்து, நான் லூசு மாதிரி பேசினா, இந்த மாத்திரைய வாயில போடுங்க. நான் அடிச்சாலும் விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. தாத்தா பாட்டிகளுக்கு வரும் வியாதிதானே என்று கேட்ட பையன் கையைத் தூக்கி, "சாக்லேட் சாப்பிடலாமா?" என்றானாம். "சாப்பிடலாம். எவ்வளவுன்னு கணக்குப் போட்டு ஊசி போடணும்" என்றாளாம். "ஐயோ, சாப்பிடறதுக்குக் கூட மேத்ஸா" என்று அவன் தலையில் கை வைத்துக்கொள்ள, டீச்சரே சிரித்துவிட்டாராம்.

"உங்க பொண்ணு பெரிய ஆளுண்ணா" என்றார் நசீர் பாய்.

"ஆமா பாய்" என்றேன். மறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அதன்பின் அந்த மாதக் கடைசிவரை இருந்தேன். இரண்டு முறை சர்க்கரை குறைந்தது. இரண்டு முறையும் மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. சுமதி வேலையை விடவில்லை. ஊசி போடவும் கற்றுக்கொண்டாள். நான் விமானம் ஏறிய நாளில் ஹரிணிக்குப் பள்ளி இருந்தது. விமான நிலையத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். "சயின்ஸ் லேப் இருக்குப்பா" என்றாள். போய்விட்டாள்.

8

இன்று காலை ரூவியிலிருந்து கம்பெனி வண்டியில் வேலைத்தளத்துக்குப் போய், ஆட்களை வரிசையில் நிறுத்தி, மதிய வெயிலில் யாரும் கூரைமேல் ஏறக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பள்ளி எண். சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எடுத்தேன்.

"அப்பா, நான்தான். எனக்கு ஒண்ணுமில்ல. மேடம் ரூம்லேர்ந்து பேசறேன்."

"சொல்லும்மா."

"சிக்ஸ்த்துல ஒரு புதுப் பொண்ணு சேர்ந்திருக்கா. அவளுக்கும் டைப் ஒன்தான். மேடம் என்னைக் கூப்ட்டு விட்டாங்க. அவளோட அப்பா, வேணாம், வீட்லயே வெச்சுக்கறேன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணு நல்லாத்தான்பா இருக்கா. என் பேனாவப் பாத்துட்டு, உன்னுது ப்ளூவா, என்னுது ஆரஞ்சுன்னு சொல்றா. அவங்கப்பாதான் அழறாரு. அவள எனக்குப் பாத்துக்கத் தெரியும். அவரைப் பாத்துக்கத் தெரியல. நீ கொஞ்சம் பேசறியா?"

அவருடைய எண்ணைச் சொன்னாள். ஆட்களிடம் ஐந்து நிமிடம் என்று கை காட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குப் போய் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட மணிச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி "ஹலோ" என்றது.

"வணக்கம் சார். நான் ஹரிணியோட அப்பா. மஸ்கட்லேர்ந்து பேசறேன்."

"சார்... அந்தப் பொண்ணு சொல்லுச்சு சார். நீங்க எப்படி சார் அனுப்புனீங்க? உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு. இந்தப் போன் வந்தப்பக்கூட இருந்துச்சு. பயம் போகட்டும்னு நான் காத்திருந்தா, அவ இன்னும் வீட்லதான் இருந்திருப்பா. பயந்துகிட்டே அனுப்பலாம் சார். ஒண்ணும் தப்பில்ல."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பொண்ணு பேரு என்ன சார்?"

"நிவேதா."

"சாப்ட்டாளா? ஊசி போட்டாச்சா? பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கா?"

"எல்லாம் இருக்கு சார்."

"அப்ப அவ கைய விடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு ஹரிணியின் குரல் எங்கோ தூரத்தில், "வா, உன் கிளாஸ் மாடியில" என்றது. செருப்புச் சத்தம். பிள்ளைகளின் இரைச்சல். அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், மூச்சு பக்கத்தில் கேட்டது.

"போறா சார்" என்றார். சற்றுப் பொறுத்து, குரல் உடைந்து, "படிக்கட்டுல நின்னு திரும்பிப் பாக்கறா சார். என்ன சார் பண்ணட்டும்?"

"சிரிங்க சார்" என்றேன். "சிரிச்சுகிட்டே கையக் காட்டுங்க."